யாரும் எழுந்து நிற்காத கவிதை

ஓசூரில் எங்கள் கவிதை வட்டம் இன்னமும் நடக்கிறது. மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, மாலை நான்கு மணி, டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மாடி. ஆட்கள் மாறிவிட்டார்கள், வாட்ஸ்அப் குழுவும் வந்துவிட்டது. ஆனாலும் கூட்டம் தொடங்கும்முன் உறுப்பினர் பட்டியலை உரக்க வாசிக்கும் வழக்கம் மட்டும் போகவில்லை. அதில் என் சித்தப்பாவின் பெயர் வரும்போது எல்லோரும் கையிலிருக்கும் போனைக் கீழே வைப்பார்கள். அவரைப் பார்த்தேயிராதவர்கள்கூடத் தலையைக் குனிந்துகொள்வார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. அப்பாதான் வட்டத்தின் செயலாளர். உறுப்பினர்களில் லேத் ஓட்டுகிறவர்கள் இருந்தார்கள், ரோஜாப் பண்ணைக்காரர் இருந்தார், தளி பஸ் கண்டக்டர் ஒருவர் இருந்தார். கண்டக்டர் வீட்டில் பேசுவது கன்னடம். கவிதை மட்டும் தமிழில்தான் வருகிறது என்று அலுத்துக்கொள்வார். ஒருவருக்கு ஓய்வென்றால் இன்னொருவருக்கு ஷிப்ட். அதனால் பேக்கிங் மரத்தில் ஒரு பெட்டி செய்து எங்கள் வீட்டு வாசலில், கரண்ட் மீட்டருக்குக் கீழே மாட்டியிருந்தார்கள். வேலைக்குப் போகிற வழியில் கவிதையை மடித்து அதில் போட்டுவிடலாம். பெயர் எழுதக் கூடாது. கூட்டத்தில் வேறொருவர் எடுத்து வாசிப்பார், மற்றவர்கள் அதை உண்டு இல்லை என்று ஆக்குவார்கள், கடைசியில் எழுதியவர் எழுந்து நின்று "என்னுது" என்று சொல்ல வேண்டும். எவ்வளவு திட்டு விழுந்தாலும் எழுந்து நின்றே தீர வேண்டும். தொடர்ந்து மூன்று கூட்டம் கவிதை தராதவரின் பெயர் பட்டியலிலிருந்து எடுக்கப்படும்.

சித்தப்பா அப்பாவின் தம்பி. எங்கள் லைன் வீட்டில் அடுத்த போர்ஷன். இடதுகைக்காரர், எழுத்தெல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். வட்டத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். என்னை பைக் டாங்கில் உட்கார வைத்து ஊரைச் சுற்றிக் காட்டுவார். எனக்கு உலகத்திலேயே அவரைத்தான் பிடிக்கும். ஒரு நாள் காலை ஷிப்டுக்குப் போனவர் திரும்பவில்லை. பைக் மட்டும் பஸ் ஸ்டாண்டில் நின்றது. இரண்டு கூட்டங்கள் போயின. அடுத்த மாதம் தம்பி பேரைத் தன் கையாலேயே எடுக்க வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லி அப்பா அழுதார். பெயர் போய்விட்டால் சித்தப்பாவுக்குத் திரும்பி வர இடமே இருக்காது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரம்தான் சித்தி பழைய பேப்பர்காரருக்கென்று ஒரு சாக்கைக் கட்டி வைத்தாள். உள்ளே சித்தப்பாவின் கவிதை நோட்டு இருந்தது. ஆள் போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் எடைக்குப் போடுகிறாளே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. நோட்டை எடுத்து ஒளித்தேன். ஒரு பக்கத்தைக் கிழித்துப் பெட்டியில் போட்டேன்.

மூன்றாவது கூட்டத்தில் அந்தத் தாள் கண்டக்டர் கையில்தான் வந்தது. நான்கு வரி வாசித்தவர் நிறுத்திவிட்டு எழுத்தை உற்றுப் பார்த்தார். மீதியை மெல்லிய குரலில் முடித்தார். யாரும் குறை சொல்லவில்லை.

"யாருதுங்க இது?" என்றார்.

யாரும் எழுந்து நிற்கவில்லை. தாள் கைக்குக் கை போனது. எல்லோருடைய பார்வையும் சித்தப்பா வழக்கமாக உட்காரும் காலி நாற்காலிக்குப் போனது. அடுத்து யாரும் கவிதை வாசிக்கவில்லை. அப்பா தாளை எடுத்துக்கொண்டு சித்தியிடம் ஓடினார். அவள் படித்துவிட்டு, இது எப்போது பெட்டியில் விழுந்தது என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் புதுப் பூட்டு வாங்கினாள். பகலிலும் தாழ்ப்பாள் போட்டு, கதவுக்குப் பின்னால் அம்மிக்கல்லை நகர்த்தி வைத்தாள். சித்தப்பாவோடு கோபம், வந்தால் கொஞ்ச நேரம் வெளியே நிற்கட்டும் என்று விளையாடுகிறாள் என நினைத்தேன்.

வட்டத்துக்காரர்கள் அவரைக் கையும் களவுமாகப் பிடித்துக் கூட்டிவரத் தீர்மானித்தார்கள். மூன்று ஷிப்ட் போட்டு, மாற்றி மாற்றிப் பெட்டிக்குக் காவல் இருந்தார்கள். எங்கள் வீட்டுக்குள்ளிருந்து வாசலுக்கு வருகிற என்னை யார் சந்தேகப்படுவார்கள்? காவலிருந்த ரோஜாப் பண்ணைக்காரர் பீடி வாங்கத் தெருமுனைக்குப் போன நேரத்தில் இரண்டாவது பக்கத்தைப் போட்டேன்.

அந்த ஞாயிறு, கூட்டத்துக்கு வந்தே பழக்கமில்லாத சித்தியும் வந்து கதவோரமாக நின்றாள். காவல் இருந்தவர்கள் சத்தியம் செய்தார்கள்.

"அவரு வரவே இல்லீங்க. ஆனா அவரு தாளு உள்ள இருந்துச்சு."

கண்டக்டர் வாசித்தார். வீட்டுக்குள் நடமாடும் ஒரு பெண்ணைப் பற்றிய கவிதை. அவள் கதவைச் சாத்துவது அவனுக்குக் கேட்கிறது, விளக்கை அணைப்பது தெரிகிறது, எங்கே போனாலும் அவள் மூச்சு எட்டும் தூரத்தில்தான் அவன் இருக்கிறான். வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது. வெயில் ஊர்களிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கு ஓசூர்க் குளிர் எப்போதும் சற்று அதிகம்தான், ஆனால் அன்று எல்லோருமே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிறகு ஒருவர் கண்ணைத் துடைத்தபடி கை தட்ட, எல்லோரும் தட்டினார்கள். பொண்டாட்டி மேல் இப்படி உசுரை வைத்தவன் எங்கும் போயிருக்க மாட்டான், இங்கேயேதான் இருக்கிறான் என்றார் அப்பா. திரும்பிப் பார்த்தபோது கதவோரத்தில் சித்தி இல்லை.

நான் பின்னாலேயே ஓடினேன். படிக்கட்டின் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தாள். என்னை இழுத்து எதிரே நிறுத்தினாள்.

"கண்ணு, உங்க சித்தப்பாவ நீ எங்கயாச்சும் பாத்தியா? நெசத்தச் சொல்லு."

நோட்டைத் திருடியதைச் சொல்லப் பயமாக இருந்தது. அவளுக்கு ஆறுதலாக எதையாவது சொல்லவும் ஆசையாக இருந்தது.

"பாத்தேன் சித்தி. நல்லாருக்காரு. சீக்கிரமா வீட்டுக்கு வந்துர்றேன்னு சொல்லச் சொன்னாரு."

மறுநாள் காலையில் அடுத்த போர்ஷன் திறந்தே கிடந்தது. அம்மிக்கல் பழைய இடத்துக்குப் போயிருந்தது. எந்த பஸ் ஏறினாள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. புருஷனைத் தேடிப் போய்விட்டாள் என்று வட்டத்தில் முடிவு செய்தார்கள். அதைப் பற்றி ஆளுக்கொரு கவிதை எழுதினார்கள். சித்தப்பாவின் பெயரைப் பட்டியலிலிருந்து எப்போதும் எடுப்பதில்லை என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, ஜாக்கெட்டுக்கு அளவு கொடுத்துவிட்டு வரும் வழியில் அம்மா சொன்னாள்: "உங்க சித்தப்பன் போன பெறகுதான் அவ முழங்கை தெரியறாப்புல ஜாக்கெட் போட்டா. அவன் சூடு வெச்ச தழும்பு ஆறிக்கிட்டு வந்துச்சு. எந்தப் பாவி அந்தக் கவிதையப் போட்டானோ." எழுந்து நின்று "என்னுது" என்று சொல்ல அன்றும் எனக்கு வாய் வரவில்லை.

படிக்கட்டில் நான் அப்படிச் சொன்னதும் சித்தி என் தோளை இறுக்கிப் பிடித்தாள். பிறகு முந்தானையை இழுத்து இரண்டு முழங்கைகளையும் மூடிக்கொண்டு அழுதாள். சந்தோஷம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். நோட்டில் இன்னும் பதினோரு பக்கம் மிச்சம் இருந்தது. மாதம் ஒன்றாக அவளுக்குப் போட்டுக்கொண்டே இருக்கலாம் என்று, மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி மேலே ஓடினேன்.