ஆப்பிள் ருசி அறியாத கத்திகள்

கையில் கத்தி இல்லாதவனை எங்கள் கென்டக்கி மலைப்பக்கத்தில் யாரும் ஆண்பிள்ளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கால்சட்டைப் பையில் ஒரு மடக்குக் கத்தி கிடக்க வேண்டும். கயிறு அறுக்க, புகையிலை நறுக்க, காலில் ஏறிய முள்ளைக் கிளற. ஒரு வேலையும் இல்லாவிட்டால் குச்சியைச் சீவிச் சீவிப் பொழுதைத் தள்ள. ஹோபர்ட் டாக்கெட்டின் அப்பா தம்முடைய ஒரே கத்தியை ஒரு பஞ்ச காலத்தில் மாவுக்குக் கொடுத்துவிட்டார். அதனால் ஹோபர்ட் வெறும் பையோடு வளர்ந்தார். பள்ளிக்கூடத்தில் மற்றப் பையன்கள் கத்தி காட்டி விளையாடும்போது அவர் வேலிப் பக்கம் போய் நின்றுகொள்வார். நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்பா விட்டுப்போன சொத்து ஒரு கோடாலிப் பிடி. கோடாலி கிடையாது, பிடி மட்டும்தான். அந்தப் பிடியிலிருந்து கிளம்பி, பிறத்தியார் கோவேறு கழுதையோடு மரம் இழுத்து, கை வெடித்து, முதுகு வளைந்து, கடைசியில் சொந்தமாக மரம் அறுக்கும் மில் வைத்தார். யார் வீட்டு வாசலிலும் போய் நிற்கவில்லை. இந்த மாவட்டத்தில் பாதி வீடுகளின் கூரைச் சட்டம் அவருடைய மில்லில் அறுபட்டது. படித்தவர்கள் வந்து தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் பேசினார்கள்.

கையில் நாலு காசு புரண்டதும் அவர் வாங்கிய முதல் பொருள் ஒரு மடக்குக் கத்தி. அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. மான்கொம்புப் பிடி, எலும்புப் பிடி, முத்துச்சிப்பிப் பிடி. ஒற்றை அலகு, இரட்டை அலகு. ஒன்றையும் தீட்டியதில்லை, ஒன்றாலும் நூல்கூட அறுத்ததில்லை. தீட்டிய கத்தி சேகரிப்பவனுக்குச் செத்த கத்தி. அலகில் கட்டைவிரல் பட்டால் அந்த வியர்வையே துருவாகும் என்று துணி சுற்றிய கையோடுதான் திறப்பார்.

"வீடு நிறைய கத்தி. வெங்காயம் நறுக்க ஒண்ணு இல்லை" என்பாள் அவர் மனைவி ஓப்பல்.

அந்தக் கத்திகளுக்கு அவர் செய்த அலமாரியைப் பார்க்க வேண்டும். தம்முடைய மில்லில் அறுத்த கறுப்பு வால்நட் மரம். உள்ளே பச்சை வெல்வெட், முன்னே கண்ணாடிக் கதவு. கதவின் நான்கு பக்கமும் ரப்பர் பட்டை வைத்து இறுக்கியிருந்தார். எறும்பு மூச்சு விடவும் சந்து கிடையாது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். சொன்னது உண்மைதான்.

சனிக்கிழமை காலையில் கத்திக்காரர்கள் எல்லாரும் நீதிமன்ற வாசல் மேப்பிள் மரத்தடிக்கு வந்துவிடுவார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. பார்க்காமல் மாற்றுவது. இரண்டு பேர் ஆளுக்கொரு கத்தியைக் கைக்குள் மூடிக்கொண்டு முஷ்டியை நீட்டுவார்கள். சம்மதம் என்று சொன்னபிறகு பேச்சை மாற்றக் கூடாது. கையைத் திறந்தால் தங்கமும் வரும், தகரமும் வரும். அப்படித்தான் டென்சில் கோம்ப்ஸ் அறிமுகமானார். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். ஒடிசலான ஆள், மெதுவான பேச்சு. ஹோபர்ட் ஒரு நல்ல எலும்புப் பிடிக் கத்தியை நீட்ட, டென்சிலின் கையிலிருந்து வந்தது அலகு ஒடிந்த ஒரு துண்டு. கூட்டம் சிரித்தது. ஹோபர்ட்டுக்குக் காது சிவந்தது. டென்சில் சிரித்துச் சிரித்து இருமி, பையிலிருந்து ஒரு ஆப்பிளை எடுத்துத் தாம் வைத்திருந்த பழைய கத்தியால் இரண்டாக வெட்டி ஒரு பாதியை நீட்டினார்.

"இந்தா, நஷ்ட ஈடு. ஆப்பிள்ல ஏமாத்து இல்லை, சரிபாதி."

அன்றிலிருந்து அந்த மரத்தடி பெஞ்சில் பக்கத்துப் பக்கத்து இடம் அவர்கள் இரண்டு பேருக்கும். தலைமுடி கறுப்பாக இருந்தபோது உட்கார்ந்தவர்கள், முடி கொட்டியபிறகும் எழுந்திருக்கவில்லை. டென்சில் ஒன்று வாங்கினால் ஹோபர்ட் அதைவிட நல்லதாக ஒன்று வாங்கியாக வேண்டும். புதுக் கத்தியைக் கொண்டுவந்து காதருகே பிடித்துத் திறந்து மூடிக் காட்டுவார். நல்ல கத்தி நடக்கும், பேசும் என்பார்கள் எங்கள் பக்கத்தில். அலகு தடங்கலில்லாமல் எழுந்தால் அது நடை. மூடும்போது டக்கென்று கேட்டால் அது பேச்சு. டென்சில் கேட்டுவிட்டு, "பேசுது, ஆனா உன்னை மாதிரியே ரொம்பப் பேசுது" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காக ஹோபர்ட் இரண்டு மாநிலம் தாண்டிப் போய் ஏலத்தில் நிற்பார். வாங்குகிற ஆசை பாதி கத்தியின்மேல் என்றால், மீதிப் பாதி டென்சிலின் முகத்தின்மேல்.

ஒரே ஒரு கத்தி மட்டும் ஹோபர்ட்டின் கைக்கு வரவில்லை. டென்சிலின் மிட்டாய்க் கத்தி. பிடி செல்லுலாய்டில் செய்தது. சிவப்பும் வெள்ளையும் பச்சையுமாக, கிறிஸ்துமஸ் மிட்டாய்போலச் சுழித்துச் சுழித்து ஓடும். அந்தக் காலத்துப் பிளாஸ்டிக் சரக்கு. எத்தனையோ தரம் கேட்டும் டென்சில் விற்கவில்லை. அதை மற்றக் கத்திகளோடு சேர்க்காமல், மூடி இல்லாத ஒரு புகையிலை டப்பாவில் போட்டு ஜன்னலோரம் தனியாக வைத்திருந்தார். இவ்வளவு நல்ல கத்தியைக் குப்பைபோல வைத்திருக்கிறாயே என்று ஹோபர்ட் திட்டுவார். டென்சில் புன்னகையோடு விட்டுவிடுவார்.

ஒரு சனிக்கிழமை டென்சில் வெறும் பையோடு வந்தார். அடுத்த சனிக்கிழமையும் அப்படித்தான். மூன்றாவது தரம் ஹோபர்ட் முஷ்டியை நீட்டியபோது கை நீட்டவே இல்லை.

"என்னடா, பயமா?" என்றார் ஹோபர்ட்.

"ஆசை போயிடுச்சு, ஹோபர்ட். போன மாசம் ஒண்ணு வாங்கினேன். வீட்டுக்குப் போய்ப் பெட்டியைப் பிரிக்கவே மறந்துட்டேன். அப்போதான் தெரிஞ்சுது."

"வயசான குதிரை இப்படித்தான் சொல்லும். புல்லு கசக்குதுன்னு."

"இருக்கும்." டென்சில் ஆப்பிளை வெட்டினார். "உன் அலமாரியில இருக்கே அத்தனை, அதுல ஒண்ணாவது ஆப்பிள் ருசி பார்த்திருக்கா?"

ஹோபர்ட் அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டார். ஆனால் டென்சில் கத்திகளை ஒவ்வொன்றாக விற்க ஆரம்பித்தார். கொஞ்ச நாளில் பெஞ்சுக்கு வருவதும் நின்றது. சுரங்கத் தூசி நுரையீரலில் இறுகிவிட்டது என்றும் மூக்கில் குழாய் வைத்திருக்கிறார்கள் என்றும் ஊரில் பேசிக்கொண்டார்கள்.

பெஞ்சில் பாதி காலியாகக் கிடந்தது. ஹோபர்ட்டுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. வா என்று கெஞ்சத் தெரிந்த ஆளும் அவர் இல்லை. பிறந்ததிலிருந்து யாரிடமும் கெஞ்சாதவர். தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். டென்சில் யார் யாருக்கு விற்றாரோ அவர்களை எல்லாம் தேடிப் பிடித்து, சொன்ன விலையைக் கொடுத்து, அந்தக் கத்திகளை முழுவதும் வாங்கினார். தன் கத்தி எதிராளி கையில் மின்னுவதைப் பார்த்தால் எந்தக் கத்திக்காரனுக்கும் வயிறு எரியும். எரிந்தால் எழுந்து வந்துவிடுவான் என்று கணக்குப் போட்டார். துணியில் சுருட்டிக்கொண்டு டென்சில் வீட்டுக்குப் போய்க் கட்டிலின்மேல் பரப்பினார்.

டென்சில் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். கண்ணில் எரிச்சல் இல்லை. தூரத்துச் சொந்தக்காரர்களின் புகைப்படத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"நல்லா வச்சுக்கோ" என்றார். பிறகு ஜன்னலோரத்து டப்பாவிலிருந்து மிட்டாய்க் கத்தியை எடுத்துவரச் சொன்னார். அவர் மனைவி வெர்னா கொண்டுவந்து கொடுத்தாள். அதை ஹோபர்ட்டின் உள்ளங்கையில் வைத்தார் டென்சில்.

"இனாமா கொடுத்தா சிநேகம் அறுந்துடும். ஒரு சென்ட் கொடு."

எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சம்பிரதாயம்தான். கத்தியைச் சும்மா வாங்கக் கூடாது, ஒரு செம்புக் காசாவது கொடுத்து வாங்க வேண்டும். ஹோபர்ட் பையைத் துழாவினார். கனமான நோட்டுகள்தான் இருந்தன.

"சில்லறை வச்சுக்கிற ஆளாடா நான்?"

"அப்போ அடுத்த வாரம் கொண்டு வா. அப்புறம், இதை மத்ததோட..."

"கத்தி வைக்க எனக்கே பாடமா?" என்று சிரித்தார் ஹோபர்ட். "மரமும் நான் அறுத்தது, அலமாரியும் நான் செஞ்சது. அதுல ராஜா மாதிரி நடுவுல உட்காரும் இது."

டென்சில் வாயைத் திறந்தார். இருமல் வந்தது. குழாயைச் சரிசெய்துகொண்டு கொஞ்ச நேரம் ஹோபர்ட்டைப் பார்த்தார். "சரி. காசு கொண்டா, சொல்றேன்" என்றார்.

அடுத்த வாரம் மழை. அதற்கடுத்த வாரம் டென்னசியில் ஏலம். அப்புறம் மில்லில் பல்சக்கரம் உடைந்தது. வண்டியில் ஒரு செம்புக் காசு தயாராகவே கிடந்தது. டென்சில் வீட்டுத் திருப்பம்வரை இரண்டு மூன்று தரம் போனார்; வண்டி நேரே போய்விட்டது. மரம் சாயும்போது அடியில் நின்று பார்த்தவர், மில் ரம்பத்தில் விரல் போனபோது துணி சுற்றிக்கொண்டு வேலையை முடித்தவர். அந்த மூக்குக் குழாயை மட்டும் இன்னொரு தரம் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

டென்சில் குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்தார்.

அடக்கம் முடிந்தபின் ஹோபர்ட் வழக்கப்படி ஏலங்களுக்குப் போனார். கையைத் தூக்கினார், வாங்கினார். திறந்து மூடினார், டக்கென்று பேசியது. கேட்பதற்கு ஆள் இல்லை. வாங்கியதைக் காகிதப் பையோடு வண்டியிலேயே போட்டுவிட்டு மறந்துபோனார். முஷ்டி நீட்ட யாராவது கூப்பிட்டால் தலையாட்டி மறுத்தார். அலமாரிப் பக்கம் போகவே இல்லை. ஒரு வசந்தம் வந்து போய், மறுவசந்தமும் வந்தது.

ஓப்பல்தான் முதலில் சொன்னாள். "அந்த ரூம்ல என்னமோ நாறுது, ஹோபர்ட். கற்பூரமும் புளிச்ச காடியும் கலந்த மாதிரி. எலி செத்துக் கிடக்கான்னு பாரு."

கதவை இழுத்தார். ரப்பர் பட்டை ஒட்டிக்கொண்டு விட மறுத்தது. திறந்ததும் கண்ணை எரித்தது. நடுவில் மிட்டாய்க் கத்தியின் பிடி வெடித்து, பழைய பாலாடைக்கட்டிபோல உதிர்ந்து கிடந்தது. அதைச் சுற்றியிருந்த அலகுகளில் செந்துரு. பித்தளைப் பாகமெல்லாம் பச்சை பூத்திருந்தது. பக்கத்தில் இருந்தவை அரித்தே போயிருந்தன. தள்ளி இருந்தவற்றில் அம்மைத் தழும்புபோலப் புள்ளிகள். டென்சில் விற்று ஹோபர்ட் தேடி வாங்கியவை, ஹோபர்ட் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தவை, எதுவும் தப்பவில்லை. பழைய செல்லுலாய்ட் கெட ஆரம்பித்தால் அமில ஆவி கக்கும். திறந்த டப்பாவில் இருந்தால் காற்றோடு போய்விடும். எறும்பும் மூச்சு விட முடியாத பெட்டியில் எங்கே போகும்?

ஹோபர்ட் தொப்பியை எடுத்துக்கொண்டு வெர்னா வீட்டுக்குப் போனார். வண்டியில் கிடந்த செம்புக் காசை மேசைமேல் வைத்தார். நடந்ததைச் சொன்னார்.

வெர்னா சோளரொட்டிக்கு மாவு கலக்கிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"டென்சிலுக்குத் தெரியும்" என்றாள். "அது மத்ததைத் தின்னுடும்னு தெரியும்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"நானும் அதைத்தான் கேட்டேன். போன்ல சொல்லுன்னேன். மாட்டேன்னுட்டாரு. சொல்லிட்டா அவன் திரும்பி வர வேலை இல்லாம போயிடும்னாரு."

ஹோபர்ட் மேசைமேல் கிடந்த காசை விரலால் திருப்பினார்.

"வண்டிச் சத்தம் கேட்டா தலையைத் தூக்குவாரு" என்றாள் வெர்னா. "உன் வண்டிச் சத்தம் அவருக்குத் தெரியும். ரெண்டு தரம் திருப்பத்துல கேட்டுது. நேரா போயிடுச்சு."

அவர் காசை அவள் பக்கம் தள்ளினார். அவள் திருப்பித் தள்ளினாள். "கத்தி நான் கொடுக்கலை, ஹோபர்ட்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. ரொட்டி வேகும்வரை இருந்து சாப்பிட்டுப் போ என்றாள். இருந்தார். சாப்பிட முடியவில்லை.

அந்தச் சனிக்கிழமை மேப்பிள் மரத்தடியில் ஆட்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். சேதி பரவியிருந்தது. மறுபடி முதலிலிருந்து சேர்க்கலாம், உன்னிடம் இல்லாத பணமா என்று தேற்றினார்கள். ஒருவன் அருமையான மான்கொம்புக் கத்தி ஒன்றை நீட்டினான். ஹோபர்ட் திறந்தார், மூடினார். நன்றாக நடந்தது, நன்றாகப் பேசியது. "நல்ல கத்தி, தம்பி. எனக்கு வேண்டாம்" என்று திருப்பிக் கொடுத்தார்.

கூட்டம் கலைந்தபிறகு தம் பையிலிருந்து ஒரு கத்தியை எடுத்தார். முதல் காசில் வாங்கிய அந்த முதல் கத்தி. அலகு முழுக்கத் துருத் தழும்பு. காலையில் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து சாணைக்கல்லில் தேய்த்திருந்தார். வாழ்நாளில் அவர் தீட்டிய முதல் கத்தியும் அதுதான். விளிம்பில் மட்டும் நூலளவு வெள்ளி தெரிந்தது.

ஆப்பிளை வெட்டினார். கொஞ்சம் அடம்பிடித்துவிட்டு உள்ளே இறங்கியது. ஒரு பாதியைப் பெஞ்சின் காலிப் பக்கத்தில் வைத்தார். மறுபாதியைத் தோலோடு மென்று தின்றார். துருவின் வாடை லேசாக நாக்கில் பட்டது.

வெயில் மரத்துக்கு மேலே வந்தது. காலிப் பக்கத்துப் பாதி மெல்லப் பழுப்பேறியது. ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. ஹோபர்ட் அதை விரட்டினார். மாவுக்காகக் கத்தியை விற்ற வீட்டில் பிறந்தவர். எதையும் வீணாக்கிப் பழகாத கை. கடைசியில் அந்தப் பாதியையும் எடுத்து, அவரே தின்றார்.