ஒற்றைக் கண்ணும் சாலை மறியலும்

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரர் கையில் மஞ்சள் மருந்தை ஊசியில் ஏற்றி, கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் படம் எடுத்தார்கள். சர்க்கரை வியாதி இடது கண்ணை ஏற்கெனவே தின்றுவிட்டது. மிச்சம் வலது கண் ஒன்றுதான். டாக்டரம்மா படத்தை விளக்குக்கு நேராகப் பிடித்தார். கறுப்பில் வெள்ளை வெள்ளையாக ஏதோ கசிந்திருந்தது.

“இதெல்லாம் புதுசா முளைச்ச ரத்தக்குழாய். போன படத்தைவிட ஜாஸ்தியாயிருக்கு. இன்னும் உடையல, விட்டா உடையும். திங்கக்கிழமை வாங்க, லேசர் வெச்சு அடைச்சிடலாம். அதுவரைக்கும் வெயிட்டு தூக்கக் கூடாது.”

நடக்கப்போவதை முன்கூட்டியே படமாகக் காட்டிவிட்டார்கள். எங்கள் ஊர் கச்சிராயபாளையம் வரும்வரை பஸ்ஸில் திங்கட்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டே வந்தேன்.

வந்தால், ஊரில் வேறு பேச்சு. எங்கள் சாதிக்கு இடஒதுக்கீடு கேட்டு ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒரு வாரம் சாலை மறியலாம். பஸ் ஓடாது. “நாளைக்கே பாண்டிச்சேரி போய் உக்காந்துக்கலாங்க” என்றேன். அவர் அசையவில்லை. எங்கள் ஊரில் பொதுக் காரியம் என்றால் வீட்டுக்கு ஓர் ஆள் போக வேண்டும். போகாத வீட்டுக்குக் கரும்பு வெட்டக்கூட ஆள் வராது. எங்களுக்கு இரண்டும் பள்ளிக்கூடம் போகும் பெண்பிள்ளைகள். நான் வருகிறேன் என்றதற்கு, பெண்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். “அண்ணன் சும்மா வந்து நிக்கட்டும் அண்ணி, அது போதும்” என்றான் பங்காளி ஒருவன்.

“புள்ளைங்க படிச்சிட்டு இன்னா பண்ணுங்க, கரும்பு சோகை உரிக்குங்களா? போய்ட்டு வரேன்” என்றார் இவர். அந்த நியாயம் எனக்கும் தெரியும். அதனால்தான் தடுக்கவில்லை.

சும்மா நிற்கிற ஆளா அவர்? கோடாலியை வாங்கிப் புளியமரத்தை வெட்டி, நாலு பேரோடு தோள் கொடுத்து ரோட்டின் குறுக்கே தள்ளியிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும், “கண்ணுல கறுப்பா நூல் நூலா எறங்குதுடி” என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரை அடித்திருப்பேன். திங்கட்கிழமை விடிந்தபோது என் முகம் தெரியவில்லை என்றார்.

கையைப் பிடித்துக்கொண்டு கள்ளக்குறிச்சி ரோட்டில் நடந்தோம். அங்கே போனால் ஏதாவது வண்டி கிடைக்காதா என்ற நப்பாசை. ரோட்டில் வெட்டிப் போட்டிருந்த முதல் மரத்தருகே எங்கள் ஊர் ஆட்கள்தான் இருந்தார்கள். “பாத்துண்ணா, கெளை இருக்குது” என்று அவரைத் தூக்கி அந்தப் பக்கம் இறக்கிவிட்டார்கள். ஒருவனும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் அவர் நின்றார்.

“இன்னும் எத்தினி மரம் கெடக்குது?”

நிமிர்ந்து பார்த்தேன். ரோடு திரும்பும் இடம் வரைக்கும் மரத்துக்குப் பின்னால் மரமாகக் கிடந்தது.

“ஒண்ணே ஒண்ணுதாங்க” என்றேன்.