லண்டன் மாஸ்டர் என்ற பெயர்

"சார், லண்டன் மாஸ்டர் போயிட்டாரு. திக்லிபூர்லருந்து வயர்லெஸ் வந்துச்சு" என்றான் பியூன். சிகாமணி என்ற பெயரை அவன் சொல்லவில்லை. அவனுக்கு அது தெரிந்திருக்காது. தீவின் வடகோடிக்குக் கப்பல் பிடித்து நான் போய்ச் சேர்வதற்குள் இறுதிச் சடங்கெல்லாம் முடிந்துவிட்டது.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கும், அவரிடம் கணக்குப் படித்தவர்களுக்கும் அந்தப் பெயரின் கதை பாதிதான் தெரியும்.

எங்கள் காலத்தில் தீவில் கல்லூரி கிடையாது. மெயின்லேண்டில், தீவுப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய இடங்களில் சிகாமணியும் நானும் கணித ஆனர்ஸ் படித்தோம். எனக்கு முதல் வகுப்பு, அவருக்கு மூன்றாம் வகுப்பு. "நீ மார்க்கைப் பாத்துக்கோய்யா, நான் மெட்ராஸைப் பாத்துக்கறேன்" என்பார்.

திரும்பி வந்து போர்ட் பிளேரில் ஒரே பள்ளியில் வாத்தியாரானோம். வெளிநாட்டில் மேற்படிப்புக்கான உதவித்தொகைக்கு என்னை நேர்முகத் தேர்வுக்கு அழைத்தார்கள். வெறும் அழைப்புத்தான். சிகாமணியோ எங்கள் பேட்டையான ஜங்லிகாட் முழுக்க, "நம்ம ஆளு லண்டன் போறாரு" என்று சொல்லிவிட்டார். யார் கப்பலேறினாலும் பாதி ஊர் கப்பல்துறை ஜெட்டிக்கு வரும். நான் கப்பலேறிய அன்று முழு ஊரும் வந்து மாலை போட்டது. ஒருவர் தன் கம்பளிக் கோட்டைக் கொடுத்தார். கைக்கடிகாரம் வாங்கிவரச் சொன்னவர்களும் உண்டு.

தேர்வுக்குழுவில் ஒருவர், "உங்க தீவுல காலேஜே இல்லையே, படிச்சுட்டு வந்து யாருக்குச் சொல்லிக்கொடுப்பீங்க?" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். அவர்களை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

இடம் கிடைக்காமல், கம்பளிக் கோட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு அதே ஜெட்டியில் இறங்கினேன். "என்ன மாஸ்டர், ஜல்தி வந்துட்டீங்க? லண்டன் இவ்ளோ கிட்டவா?" என்றார் மளிகைக்கடைக்காரர். லண்டன் மாஸ்டர் என்ற பெயர் முதலில் எனக்குத்தான் ஒட்டியது. அதன்பின் கடைத்தெருவில் நான் தலைகாட்டவில்லை. சிகாமணியோடு பேச்சையும் நிறுத்தினேன்.

மறு ஆண்டு, தனக்கும் அழைப்பு வந்திருப்பதாக அவர் ஊரெல்லாம் சொன்னார். மாலையையும் அவரே வாங்கிக் கொடுத்துப் போடச் சொன்னார். "தேம்ஸ்ல ஒரு முழுக்குப் போட்டுட்டு வரேன்" என்று கப்பலிலிருந்து கையாட்டினார். எனக்குப் போட்டியாகப் போகிறாரே என்று வயிறு எரிந்தது. திரும்பி வந்த கப்பலில் அதே மாலை, காய்ந்து சருகாகி, கழுத்தில் கிடக்க இறங்கினார்.

"என்னாச்சு மாஸ்டர்?" என்றார் அதே மளிகைக்கடைக்காரர்.

"அங்க ஒரே மழை பாய். குடை இல்ல, வந்துட்டேன்."

ஊர் சிரித்துச் சிரித்து என்னை மறந்தது. லண்டன் மாஸ்டர் அவரானார். திக்லிபூருக்கு மாற்றலானபோது பெயரும் கூடவே போனது. நானும் அவரை அப்படித்தான் கூப்பிட்டேன்.

போன வாரம் அவருடைய மனைவி சொன்னார்: "அவருக்கு எங்கே அழைப்பு வந்துச்சுண்ணா? மூணாங்கிளாஸ்காரரை யாரு கூப்பிடுவா? மெட்ராஸ்ல அக்கா வீட்ல இருந்துட்டு வந்தாரு. 'பாவம், அவன் கடைத்தெருவுக்கு வரணும்ல'ன்னாரு."

முதல் வகுப்பு இல்லாதவர் விண்ணப்பிக்கவே முடியாது என்ற விதி எனக்கு மனப்பாடம். இத்தனை ஆண்டுகளில் அதை ஒருமுறைகூட அவரோடு சேர்த்து நினைத்ததில்லை. நினைத்திருந்தால் பெயரைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியிருந்திருக்கும். எழுதும்போதே கூசுகிறது.

அவருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. அந்தப் பெயர் மட்டும் இருக்கிறது. அதுவும் என்னுடையதுதான், அவர் சுமந்துகொண்டிருந்தார். இனி அவரைச் சிகாமணி என்றே சொல்லுங்கள். லண்டன் மாஸ்டர் என்று யாராவது கூப்பிட்டால், நான் திரும்பிப் பார்க்கிறேன்.