முதலில் தெரியும் முகம்

புதுக் கண்ணாடி போட்டுக்கொள்கிறவர் முதலில் எதைப் பார்ப்பார்? எதிரே மாட்டியிருக்கும் எழுத்துப் பலகையை என்று நினைப்பீர்கள். இல்லை. கண்ணாடியை மாட்டிவிடும் ஆளின் முகத்தைத்தான். அதுவரை புகைபோலத் தெரிந்த முகம், வெள்ளை விளக்கின் கீழே, ஒரு முழம் தள்ளி, திடீரென்று அணு அணுவாகத் துலங்கும். மூக்குக்கண்ணாடிக் கடையில் அந்த வேலையைச் செய்கிறவள்தான் கண்ணாடிக்கா. கடைக்கு வந்துபோகிறவர்கள் வைத்த பெயர் அது. வீட்டுக்காரர்கூடச் சிரிப்பு வரும் நாட்களில் அப்படித்தான் கூப்பிடுவார்.

வேலையில் கெட்டிக்காரி. காதுக்குப் பின்னால் கடிக்கிற சட்டத்தைச் சூடு காட்டி வளைப்பாள். மூக்கை அழுத்துகிறதை இடுக்கியால் ஒரு திருகு திருகுவாள். "தலையை நல்லா ஆட்டுங்க. விழுந்துச்சுன்னா என் பேரை மாத்திக்கிறேன்" என்பாள். விழாது. ஆனால் ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு. புதுக் கண்ணாடியை மாட்டிய கையோடு சட்டென்று நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "எதிர்ல பலகையைப் பாருங்க" என்பாள். இது ஏதோ தொழில் நுணுக்கம் என்று முதலாளி முடிவு கட்டிவிட்டார். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களையும் நாற்காலிக்குப் பின்னால் ஓடச் சொன்னார்.

நுணுக்கமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. கண்ணாடிக்காவுக்குத் தாடையில் முடி வளரும். பள்ளிக்கூடம் போகிற வயதில் உதட்டுக்கு மேல் தொடங்கியது. பிறகு தாடைக்கு இறங்கிக் கழுத்தோரம் வரை குடிவந்துவிட்டது. பூனைமயிர் அல்ல, கறுத்துத் தடித்த முடி. "யார்கிட்டயும் மூச்சு விடாதே, உன்னை ஒருத்தனும் கட்டமாட்டான்" என்று அவள் அம்மா சொன்னதோடு அந்தப் பேச்சு முடிந்தது. நூல், மெழுகு, களிம்பு என்று எல்லாவற்றையும் பார்த்துத் தோல் புண்ணானதுதான் மிச்சம். கடைசியில் வீட்டுக்காரரின் சவரக்கத்தியில் வந்து நின்றாள். காலையில் குளியலறையைத் தாழிட்டு, சத்தம் வெளியே கேட்காதபடி குழாயைத் திறந்துவிட்டு மழிப்பாள். அவர் கதவை இடிப்பார். "உள்ள என்ன குடும்பமா நடத்துற?" உள்ளே போனதும் பிளேடு அதற்குள் மழுங்கிவிட்டது என்று கம்பெனிக்காரனைத் திட்டுவார். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கம்பெனிக்காரன் செய்யாத குற்றத்துக்குத் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறான்.

அவர்களுக்கு ஒரே மகள். ஒன்பதாம் வகுப்பு. கிட்டப்பார்வை. ஒரு நாள் கண்ணாடி தொலைந்துவிட்டது என்று வந்து நின்றாள். தேடியதில் மெத்தைக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது.

"ஏன்டி இப்படிப் பண்ணின?"

"போட்டா எல்லாம் தெரியுதும்மா."

கண்ணாடிக்கா மகளின் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள். உதட்டுக்கு மேல் களிம்பு சுட்ட சிவப்பு. தாடையில் கறுப்பாக முடிகள்.

டாக்டரிடம் அழைத்துப்போனாள். அன்று காலையும் வழக்கம்போல மழித்துவிட்டுத்தான் போனாள். அந்த டாக்டரம்மா பொறுமைசாலி. மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, எடை ஏறியதா, குரல் தடித்ததா, முடி மெதுவாக வந்ததா சட்டென்று வந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எப்போது வந்தது என்று மகளுக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு தாயின் பக்கம் திரும்பினார்.

"குடும்பத்துல வேற யாருக்காவது இந்த மாதிரி இருக்கா? உங்களுக்கு?"

கண்ணாடிக்காவின் தாடை வழவழவென்று இருந்தது.

"இல்லீங்க டாக்டர்." பழகிய வாய், தானாகச் சொல்லிவிட்டது.

"சில குடும்பங்கள்ல இது வழிவழியா வரும். சிலருக்குச் சினைப்பை சரியா வேலை செய்யாம வரும். யாருக்கும் இல்லாம திடீர்னு வந்திருக்குன்னா, ரொம்ப அபூர்வமா உள்ள சுரப்பியில கட்டி இருக்கலாம். பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் ரத்தம் பார்த்துட்டு ஸ்கேனும் எடுத்துடுவோம். அடுத்த வாரம் வாங்க."

பேருந்தில் மகள் கேட்டாள். "கட்டின்னா புத்துநோயாம்மா?"

"சீ, வாயைக் கழுவு."

"நம்ம வீட்டுல யாருக்குமே இல்லாம எனக்கு மட்டும் ஏன்மா?"

கண்ணாடிக்கா வெளியே வேடிக்கை பார்த்தாள். இந்த இடத்தில் அவளைப் பிடித்து நன்றாக நாலு கேட்கவேண்டும் போலத்தான் இருக்கிறது. ஒரே ஒரு வார்த்தை, அதைச் சொல்ல நாக்கு புரளவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். மறுநாளும் மழிக்கத்தான் போனாள்.

குழாயைத் திறந்து கத்தியை எடுத்தபோது கதவுக்கு வெளியே மகளின் குரல் கேட்டது.

"அம்மா, ஸ்கேன்ல கட்டி இருந்தா அப்பாகிட்ட சொல்லாத. யார்கிட்டயும் சொல்லாத."

கண்ணாடிக்கா குழாயை மூடினாள். முகத்தை இன்னும் நனைக்கக்கூட இல்லை. கத்தியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே வந்தாள். அன்று மழிக்கவில்லை, மறுநாளும் மழிக்கவில்லை.

வானம் இடிந்து விழும் என்று நினைத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. பார்வை மங்கியவர்கள் பார்க்கவில்லை, மங்காதவர்களில் ஓரிருவர் இரண்டாம் தடவை பார்த்தார்கள். முதலாளி ஏதோ கேட்க வாயெடுத்து, "உடம்பு சரியில்லையாம்மா?" என்பதோடு நிறுத்திக்கொண்டார். கண்ணாடிக்காவுக்கு உடம்பெல்லாம் கூசத்தான் செய்தது. மதியச் சாப்பாட்டைத் தனியாகப் போய்ச் சாப்பிட்டாள். வீட்டிலோ மகள் ஏறெடுத்து யாரையும் பார்ப்பதில்லை, பார்த்தாலும் கண்ணாடி இல்லை. வீட்டுக்காரருக்குக் கண் நன்றாகத் தெரியும். அவர் கவனித்தது ஒன்றே ஒன்றுதான்.

"இந்தத் தடவை பிளேடு நல்லா உழைக்குது."

டாக்டரிடம் போகும் நாளில் மகளைக் கடைக்கு வரச்சொல்லியிருந்தாள். புதுச் சட்டம் தயாராக இருந்தது. மகளை நாற்காலியில் உட்காரவைத்து, காதோரம் முடியை ஒதுக்கிக் கண்ணாடியை மாட்டினாள். கால் பழக்கத்தில் பின்னால் நகர்ந்தது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள்.

"பலகையைப் பார்க்காத. என்னைப் பாரு."

மகள் பார்த்தாள். கண்ணைச் சுருக்கினாள். பிறகு சுருக்கவில்லை.

"அம்மா?"

"உன் வயசுலதான் எனக்கும் வந்துச்சு. இத்தனை நாளும் மழிச்சுக்கிட்டிருந்தேன். டாக்டர்கிட்ட நான் சொன்னது பொய்."

"நான் செத்துடுவேன்னு நினைச்சேன் தெரியுமா?" கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "ராத்திரியெல்லாம் தூங்கல தெரியுமா உனக்கு?"

"தெரியும்டி."

"தெரிஞ்சுமா சொல்லல?"

மகள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதோடு எழுந்து போய்விடுவாள் என்று தாய் பயந்தாள். அவள் போகவில்லை. கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, அம்மாவின் தாடையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

டாக்டரம்மாவின் அறையில் மகள்தான் முதலில் பேசினாள். "எங்க அம்மாவுக்கு இருக்கு டாக்டர், பாருங்க." டாக்டரம்மா பார்த்தார். கோபித்துக்கொள்ளவில்லை. முதலில் ரத்தம் பார்ப்போம், அதிலே தேவைப்பட்டால் மட்டும் ஸ்கேன் என்றார். அம்மாவும் ரத்தம் கொடுத்துவிட்டுப் போகட்டும் என்றார். மாத்திரை கொடுத்தாலும் பலன் தெரிய மாதங்கள் ஆகும், அதுவரை மழிப்பதில் ஒரு தப்பும் இல்லை, மழித்தால் தடித்து வளரும் என்பது சும்மா பேச்சு, ஆனால் ஆளுக்கொரு கத்தி வைத்துக்கொள்ளுங்கள் என்றார். வரும் வழியில் இரண்டு கத்தி வாங்கினார்கள்.

மறுநாள் காலை குளியலறை தாழிட்டிருந்தது. குழாய்ச் சத்தம் இல்லை. வீட்டுக்காரர் கதவை இடித்தார்.

"உள்ள என்ன குடும்பமா நடத்துற?"

உள்ளே இருவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு மகளின் குரல்.

"அப்பா, அந்த பிளேடு கம்பெனிக்காரன் பாவம். அவனை இனிமே திட்டாதீங்க."