முறுக்கு எண்ணெயில் ஓடிய வண்டி

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதேகால் மணிக்கு நான் கரையான்சாவடியில் நின்றுகொண்டிருந்தேன். மெட்ரோ வேலைக்காக வைத்திருக்கும் தகரத் தடுப்புக்குப் பக்கத்தில், பாதி வழியில் படுத்துவிட்ட எங்கள் பிக்கப் வண்டிக்குப் பின்னால்.

சும்மா நிற்கவில்லை. ஒரு ஸ்டிக்கரை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றேன்.

அப்படி அதில் என்ன எழுதியிருந்தது என்கிறீர்களா? 'இந்த வண்டி முறுக்கு சுட்ட எண்ணெயில் ஓடுகிறது!'

ஓடுகிறதாம்! அதற்கு ஓர் ஆச்சரியக்குறி வேறு. பைக்கில் வந்த ஒருவர் என் தோளுக்கு மேல் எட்டிப் படித்துவிட்டு, "ரெண்டு அதிரசம் போட்டுப் பாரு சார், கெளம்பும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாராவாரம் படிப்பவர்களுக்கு வசந்தாவைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு — என் மனைவி, நாகர்கோவில்காரி. நூம்பலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டுப் பலகாரம் செய்து விற்கிறாள். நான்? ரிட்டயர் ஆனபிறகு அவளுடைய டிரைவர். பன்னிரண்டு வயதான செகண்ட் ஹேண்ட் பிக்கப் வண்டியும் நானும் ஒன்றாகத்தான் அவளிடம் வேலைக்குச் சேர்ந்தோம். வண்டிக்கு மதிப்பு கொஞ்சம் அதிகம்.

சுட்ட எண்ணெயை வசந்தா திரும்பத் திரும்ப அடுப்பில் ஏற்றமாட்டாள். கேனில் ஊற்றி வைத்துவிடுவாள். அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து அன்வர் பாய் வந்து எடுத்துப்போவார். அதைச் சுத்தம் செய்து, கெமிக்கல் சேர்த்து, பயோடீசலாக மாற்றுவது அவர் தொழில். சத்தமாகக்கூடப் பேசத் தெரியாத மனிதர்.

ஒருநாள் எனக்கு ஞானோதயம் வந்தது. நம் வீட்டு எண்ணெய் ஊரான் வண்டியில் ஏன் ஓடவேண்டும்? நம் வண்டியிலேயே ஓடினால் என்ன? ஊரெல்லாம் புகை, தூசி. அதற்கு எதிராக நூம்பலிலிருந்து ஒரு மனிதன் கிளம்புகிறான்... நினைக்கும்போதே புல்லரித்தது.

பாய் சிரித்துக்கொண்டே இரண்டு கேன் கொடுத்தார். கூடவே பொறுமையாகச் சொன்னார்.

"சார், பழைய வண்டி. பத்து லிட்டர் டீசலுக்கு ரெண்டு லிட்டர்னு கலந்து போடுங்க, போதும். டாங்குக்கு அடியில வருஷக்கணக்கா அழுக்கு படிஞ்சிருக்கும். இது அதெல்லாம் கரைச்சு எடுத்துட்டு வந்துடும். அதனால முதல் டாங்கு தீர்றதுக்குள்ள பில்டர் மாத்திடுங்க."

சொன்னதோடு விடாமல் ஒரு பச்சை டப்பாவையும் கையில் கொடுத்தார். நான் "சரி பாய், சரி பாய்" என்று மண்டையை ஆட்டினேன். மனசு முழுக்க வேறொரு கவலை. ஸ்டிக்கர் எழுத்து சிவப்பா, பச்சையா?

பச்சை என்று முடிவானது. பூந்தமல்லி கடையில் அடித்து வாங்கி, குமிழி வராமல் ஸ்கேலால் நீவி நீவி ஒட்டினேன். அன்று மாலை கேனைத் திறக்கும்போதுதான் மனசாட்சி கேட்டது. பத்துக்கு ரெண்டா? 'இந்த வண்டி பெரும்பாலும் டீசலில் ஓடுகிறது' என்றா ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறாய்? டாங்கில் டீசல் கொஞ்சம்தான் இருந்தது. அதன் தலையில் இரண்டு கேனையும் கவிழ்த்தேன்.

சும்மா சொல்லக்கூடாது. நான்கு நாள் வண்டி ஜம்மென்று ஓடியது. கரும்புகை இல்லை. பின்னால் நின்றால் லேசாகப் பலகார வாசனை. தெருவில் பார்த்தவர்களையெல்லாம் நிறுத்தி, முகர்ந்து பார்க்கச் சொன்னேன். பிறகு என்னைக் கண்டாலே தெரு மாறிப் போக ஆரம்பித்தார்கள்.

ஐந்தாம் நாள் அந்த ஞாயிறு. வசந்தாவுக்கு முதல் பெரிய ஆர்டர். ஆவடி குவார்ட்டர்ஸில் இருக்கும் ஒரு வள்ளியூர்க்காரர், ஃபாக்டரி ஊழியர். பூந்தமல்லி மண்டபத்தில் அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். இருபத்தோரு தட்டு. மாப்பிள்ளை வீட்டார் உள்ளே வரும்போது தட்டெல்லாம் வரிசையாக வைத்திருக்க வேண்டும். அதில் நடுநாயகமாக முந்திரிக்கொத்து. 'எங்க ஊர் பலகாரம், பாருங்க' என்று சம்பந்தியிடம் அவர் சொல்லி வைத்திருக்கிறார். குவார்ட்டர்ஸே அங்கே திரண்டு வரும். அந்தத் தட்டுகள் நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால், ஆவடி பக்கம் இனி வசந்தாவின் பலகாரத்தை யார் கேட்பார்கள்? மூன்று நாள் தூங்காமல் செய்திருந்தாள்.

குமணன்சாவடி தாண்டியதும் வண்டி இழுக்கத் திணறியது. கரையான்சாவடியில் இரண்டு குலுக்கு குலுக்கியது. நின்றேவிட்டது.

பக்கத்தில்தான் மெக்கானிக் டில்லியின் ஒர்க்‌ஷாப். போன் போட்டதும் வந்துவிட்டார். பில்டரைக் கழற்றி ஒரு கிண்ணத்தில் கவிழ்த்தார். கருப்பாக, கொழகொழவென்று ஏதோ விழுந்தது.

"இன்னா சார், டாங்கியில களி கிண்டிக்கினு கீறியா?"

"புது எண்ணெய்... பயோடீசல்..." என்றேன்.

"பில்டர் அடைச்சிக்கிச்சு. புச்சு போடணும். கட பத்து மணிக்குத்தான் தொறப்பான்."

வசந்தாவின் போன் அடித்தது. பெண்ணின் அப்பா. "எம்மா, எங்க நிக்கிய? மாப்பிள்ள வீட்டாளுவ நசரத்பேட்டை தாண்டிட்டாவளாம்."

"இதோ வந்துட்டோம்ணே, பக்கத்துலதான்" என்று சொல்லி வைத்தவள், அடுத்த நொடியே அன்வர் பாய்க்கு போன் போட்டாள். ஸ்பீக்கரில்.

"என்ன பாய், இப்படிப் பண்ணிட்டீங்களே! நம்பி ஊத்தினோம். நடுரோட்டுல நிக்கிறோம். ஒரு பொண்ணோட நிச்சயதார்த்தம் பாய் இது! என் பொழப்பு பாய்! இப்படியா கண்டதையும் குடுப்பீங்க?"

இங்கே நான் என்ன செய்திருக்க வேண்டும்? 'வசந்தா, அவர் அன்றைக்கே சொன்னார், நான்தான் கேட்கவில்லை' என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருந்தது. ஆனால் நான் மெட்ரோ தூணை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். வாழ்க்கையில் ஒரு தூணை அவ்வளவு அக்கறையாக நான் பார்த்ததில்லை.

பாய் கோபப்படவில்லை. தயங்கித் தயங்கிப் பேசினார். "இல்ல மேடம்... சார் மறந்துட்டாரு போல. கையில ஒரு பில்டர் குடுத்தேன். அதை டேஷ்போர்டுல போட்டாரு, பாருங்களேன்... பச்சை டப்பா."

டில்லி டேஷ்போர்டைத் திறந்தார். மேலே ஸ்டிக்கர் வெட்டிய மிச்சம், கத்தரிக்கோல், ஸ்கேல். அதற்கெல்லாம் அடியில்... பச்சை டப்பா. சீல்கூடப் பிரிக்கவில்லை. பாய் சொன்ன வார்த்தையெல்லாம் ஞாபகம் இருந்த எனக்கு, இந்த டப்பா மட்டும் சுத்தமாக மறந்துபோயிருந்தது.

"அட நைனா! மருந்த மடியில கட்டிக்கினு டாக்டர தேடிக்கினு கீறியே!" என்றார் டில்லி. பழைய பில்டரை என் மூக்குக்கு நேராக நீட்டினார். "எண்ணெய் சோக்கா கீது சார். அது மேல பழி போடாத. இது அல்லாம் உன் டாங்கியில இருந்த அயுக்கு."

வசந்தா என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

புது பில்டரை மாட்டி, கைப்பம்பை அழுத்தி எண்ணெய்க் குழாயில் சிக்கிய காற்றை எடுத்து, டில்லி வண்டியைக் கிளப்பும்போது ஒன்பதே முக்கால். மண்டப வாசலில் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் சமையல்கட்டு வழியாக ஓடினோம். வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு தட்டு தட்டாக நான் சுமந்த வேகத்தை டாக்டர் பார்த்திருந்தால் முட்டிவலி மாத்திரையை நிறுத்தியிருப்பார். கடைசித் தட்டை வைத்து நிமிர்கிறேன், முதல் ஆள் உள்ளே வருகிறார்.

முந்திரிக்கொத்து ஜெயித்துவிட்டது. மாப்பிள்ளையின் அத்தை வசந்தாவின் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. திரும்பும்போது, வேலப்பன்சாவடியில் வசந்தா கேட்டாள்.

"பாய் சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருந்துச்சா, இல்லையா?"

"இருந்துச்சு."

"நான் அந்த மனுஷனைத் திட்டும்போதும்?"

"...அப்பவும்."

வெட்கமாக இருந்தது. உண்மையாகவே வெட்கம். அழுக்கு டாங்கில் மட்டும்தானா இருந்தது?

யோசித்துப் பார்த்தால் என் நல்ல காரியங்கள் எல்லாமே இப்படித்தான் தொடங்கியிருக்கின்றன. வாக்கிங் போக முடிவெடுத்து, முதலில் போட்டோ போட்டேன். மாடித்தோட்டத்துக்கு முதலில் பெயர்ப்பலகை வைத்தேன். செடி? அது இன்னும் வரவில்லை.

வசந்தா அன்றே பாயிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டாள். எனக்கு இரண்டு நாள் ஆனது. இப்போது பத்துக்கு ரெண்டுதான் ஊற்றுகிறேன் என்று சொல்லி, "பாய், தப்பு என்னுது. அன்னிக்கு நான் பக்கத்துலயே இருந்தும் வாயைத் திறக்கல" என்றேன்.

அவர் மெல்லச் சிரித்தார்.

"விடுங்க சார். பில்டர் மாத்துறதுக்கு முன்னாடி எல்லாரும் ஸ்டிக்கர்தான் ஒட்டுறாங்க."