தாலியின் மேல் ஒட்டிய பிளாஸ்திரி

மயக்கம் ஏறும் முன் நான் கடைசியாகப் பார்த்தது ஒரு விரலை. தியேட்டர் ஹெட் சிஸ்டரின் விரல். என் தாலிக்கயிற்றைச் சுருட்டிக் கழுத்தோரம் வைத்து, அதன்மேல் வெள்ளைப் பிளாஸ்திரியை அழுத்தி ஒட்டிக்கொண்டிருந்தது. நகை, கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும் என்பது அங்கே விதி. நான் அழுதிருந்தேன். "உள்ள வர்றவுக எல்லாரும் வயித்த அறுக்கச் சம்மதிக்கிறாக, கயித்த அவுக்கத்தேன் மாட்டேங்கிறாக. கெடக்கட்டும் விடு தாயி, என் கழுத்துலயும் ஒண்ணு கெடக்கு, சிலுவை போட்டது" என்றார். அப்புறம் சிறுமலை மேகம் போல ஒன்று இறங்கி வந்து என்னை மூடிக்கொண்டது.

சில மாதங்கள் கழித்து அதே ஆஸ்பத்திரியில் ஒரு கூட்டம். அறுவை சிகிச்சை இன்னும் பாதுகாப்பாக நடக்க எதையெல்லாம் முதலில் ஆராய்வது என்று தேர்ந்தெடுக்க டாக்டர்கள், நர்சுகள், நோயாளிகள் சார்பில் நான். புதுக் கருவிகளைப் பற்றியே பேச்சு ஓடியது. ஜன்னலுக்கு வெளியே மலை தெரிவதும் மறைவதுமாக இருந்தது. நான் பாதிக் கனவில் இருந்தேன். அன்று என் கயிற்றை ஒட்டிய அதே சிஸ்டர் எழுந்தார். எங்களைப் போன்றவர்களைக் கயிற்றோடு உள்ளே அனுப்புவதை ஒளிக்காமல் சொன்னார். வடமதுரைப் பெண் ஒருத்தியை அப்படி அனுப்பியபின், தையலில் சீழ் பிடித்து மறுபடி பிரிக்க வேண்டி வந்ததையும் சொன்னார். கயிற்றின் அழுக்குதான் காரணமா, வேறேதாவதா, தெரியாது; அதை ஆராய வேண்டும் என்றார். இதற்கெல்லாமா ஆராய்ச்சி என்று பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பெரிய சர்ஜன் சிரிக்கவில்லை.

"கழட்டத்தான் வேணும்னு பதில் வந்தா, சிஸ்டர்?"

"கழட்டிருவேன் சார். அழுதாலும் கழட்டிருவேன். இப்ப நான் செய்யிறது நல்லதா கெட்டதான்னே தெரியலையே."

அதை ஆராயச் சம்மதிப்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். என் கை மடியிலேயே கிடந்தது. சிஸ்டர் விரலின் கீழ் அன்று நான் உணர்ந்த பத்திரம் பொய்யாகிவிட்டால் என்ன செய்வது? அடுத்து வருகிறவள் எத்தனை அழுதாலும் அவளுக்கு அது கிடைக்காதே. சர்ஜன் முதலில் தூக்கினார், பிறகு நர்சுகள், எல்லோருக்கும் பிறகு நான். கேள்வி தேறிவிட்டது. சிஸ்டர் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். தன்மேல் தானே பிராது கொடுத்துவிட்டு வந்தவரைப் போலிருந்தது அந்த முகம். பதில் வர வருஷக்கணக்கில் ஆகுமாமே என்றேன்.

"ஆகட்டும். வந்தன்னைக்கு வடமதுரைக்குப் போயி அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லணும்."

"உங்க மேலதான் தப்புன்னு வந்தாலுமா?"

"அப்ப மொத பஸ்ஸுக்கே போவேன்."