அலசாத நாற்று

ஊரில் அவளுக்குக் கறார் என்றே பெயர். கடைக்காரன் தராசைத் தூக்கும் முன்பே முள்ளைப் பார்த்துவிடுவாள். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு முறை பார்க்காமல் வாங்கினாள்: கணவன் இறந்த வருடம், கொழுந்தன் கொடுத்த நெல் நாற்றை.

வேரில் அப்பிய சேற்றோடு கட்டுகளைக் கொண்டுவந்து வரப்பில் வைத்தான். "அலசினா வேர் அறுந்துடும் அண்ணி. அப்படியே நட்டுடுங்க."

நட்டாள். பயிர் மஞ்சளாகிக் குட்டையாக நின்றது. ஒன்றைப் பிடுங்கி வாய்க்காலில் அலசினாள். வேர் நுனிகள் வீங்கி, கொக்கிபோல் வளைந்திருந்தன. நேராகக் கொழுந்தனின் நாற்றங்காலுக்குப் போனாள். அவன் கழித்துப் போட்ட நாற்றுகள் ஓரத்தில் காய்ந்து கிடந்தன. அதே கொக்கிகள். தன் வயலுக்கு அவன் வெளியில் நாற்று வாங்கியிருந்தான்.

விளைச்சல் போனதும் வந்தான். "ஒத்தையா எதுக்கு அண்ணி கஷ்டப்படுறீங்க? நிலத்தை என்கிட்ட விட்டுடுங்க."

அவள் வீங்கிய வேர்களைப் பையில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். பயிர் மருத்துவ நிலையத்துப் பெண் நுண்ணோக்கியில் வேருக்குள் நெளிந்த நூற்புழுக்களைக் காட்டினாள். பிறகு ஒரு தூளை எடுத்து வைத்தாள்.

"இதுல இருக்கிறது நல்ல பாக்டீரியா. கரைச்சு, நாத்து வேரை அதுல ஊறவெச்சு நடுங்க. வேரைச் சுத்திக் குடியேறிடும். புழு உள்ள நுழையறது குறைஞ்சுடும்."

"நுழைய முடியாத புழு என்னம்மா ஆகும்?"

"சோறில்லாம வாசல்லயே கிடந்து சாகும்."

"மெதுவாவா?"

அந்தப் பெண் சிரித்தாள். இவள் சிரிக்கவில்லை.

அடுத்த நடவில் அவள் வயல் தேறியது. ஆனால் அவள் வயல் நீர் கொழுந்தன் வயலில்தான் வடியும். முந்திய பருவத்துப் புழுக்கள் அங்கே போய்ச் சேர்ந்திருந்தன. அவன் பயிர் மஞ்சளானது. மறு நடவன்று வரப்பில் நின்று தூள் கேட்டான். கொடுத்தாள். அவன் வாளியில் ஏற்கெனவே பூஞ்சைக்கான தாமிர மருந்து கரைந்திருந்தது.

"அதோட கலக்காதீங்க, தம்பி."

அவள் முகத்தைப் பார்த்தான். அவள் இடத்தில் அவன் இருந்தால் பொய்தான் சொல்லியிருப்பான்.

"என் பயிருக்கு நோய் வரணும்னு பாக்குறீங்களா? நானும் வெவரம் தெரிஞ்சவன்தான்." கொட்டிக் கலக்கினான்.

அந்தத் தூளுக்கு உயிருண்டு, தாமிரம் பட்டால் செத்துவிடும் என்பது அவள் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டாள். அதை நல்ல குணம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

விளைச்சல் போனபின் வந்தான். "இன்னொரு தடவை சொல்லியிருந்தா என்ன அண்ணி?"

"நாத்தை அலசிக் குடுத்திருந்தா சொல்லியிருப்பேன்."

அவன் திரும்பி நடந்தான். வரப்பு முடியும்வரை விட்டு, பிறகு கூப்பிட்டாள்.

"தம்பி! எதுக்குக் கஷ்டப்படுறீங்க? நிலத்தை என்கிட்ட விட்டுடுங்க."